இசைப்பெட்டிக்கு ஒரு திருப்புளி

யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் வண்ணாரப்பேட்டையில் யுத்தச் சாமான்கள் தீர்ந்தபாடில்லை. பாராசூட் துணி ரவிக்கையாகியிருந்தது. சிப்பாய்களின் தண்ணீர்க் குப்பிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சௌக்கத் அலியின் பழைய சாமான் கடையில் ஹெல்மெட் நிறைய ஆணி, தோட்டாப் பெட்டி நிறையப் பூட்டு. திருப்புளிகள் காலி சிகரெட் டின்களில் நின்றன.

அந்த டின்களைத் தேடி அருள்பிரகாசம் வருவது இது மூன்றாவது முறை. வயது இருபத்தெட்டு. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. மனைவி ஃப்ளோரன்ஸ் டைபாய்டில் போய்ப் பத்து மாதம். அவனைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவனும் அதற்கு மேல் சொல்வதில்லை.

கூட வந்தவன் ஜஹாங்கீர். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். ராயபுரத்தில் அருள்பிரகாசத்தின் மாமியார் வீட்டுக்கு அடுத்த சந்து அவனுடையது.

"இன்னா நைனா, ஒரு திருப்புளி வாங்க மூணு தபாவா? பொண்ணு பாக்கக்கூட இத்தினி தபா போவ மாட்டாங்க" என்றான் ஜஹாங்கீர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அருள்பிரகாசம் கேட்காதவன்போல ஒரு டின்னைக் கவிழ்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன் செய்தி கொண்டுவந்தவனும் ஜஹாங்கீர்தான். "உன் மாமியாரு வூட்டு இசைப்பெட்டி நின்னுபூட்ச்சாம். உன்னை இட்டுகினு வரச் சொன்னாங்க."

கல்யாணமாகி மூன்று வருஷம் அருள்பிரகாசம் அந்த வீட்டில்தான் இருந்தான். மாமியார் சிலுவையம்மாளுக்கு ஒரே மகள். மாமனார் முன்பே போய்விட்டார். ஃப்ளோரன்ஸின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஓர் அறைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை. அந்தச் சந்து முனைக்கு வந்தால் கால் நின்றுவிடும். அதனால் வேறு வழியாகப் போய்ப் பழகிக்கொண்டான்.

ஆனால் இசைப்பெட்டி என்றதும் போனான்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பெட்டி. கப்பலில் இன்ஜின் அறை வேலை பார்த்த மாமனார் பிரான்சு தேசத்து மார்சேய் துறைமுகத்தில் பழையதாக வாங்கி வந்தது. மூடியில் நீல முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படம். சாவி கொடுத்து மூடியைத் திறந்தால் பாடும். படத்தில் இருப்பது மாதா, பாட்டு மாதா பாட்டு என்று அந்த வீட்டில் தீர்மானமாகியிருந்தது. கோயிலில் யாரும் அந்தப் பாட்டைப் பாடிக் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் அவர்கள் ஊரில் பாடுவார்களாயிருக்கும். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மெழுகுவர்த்தி உண்டு. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பெட்டி திறக்கும். சிலுவையம்மாள் வலை பின்னியபடி கேட்பாள். ஃப்ளோரன்ஸ் தலையை அவிழ்த்து வாரியபடி கேட்பாள். துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அருள்பிரகாசம் கேட்பான். வீட்டுக்கு வந்த நாள்முதலே மெதுவாக, இழுத்து இழுத்துப் போகும் பாட்டு. சந்தில் மீன் விலை பேசும் கூச்சலுக்கு நடுவிலும் காதில் விழும்.

அந்தப் பெட்டிதான் பாட்டின் நடுவில் நின்றுவிட்டது. சிலுவையம்மாள் சாவியை முழுக்கக் கொடுத்திருந்தாள்.

அடிப்பலகையைக் கழற்றியதும் அருள்பிரகாசத்துக்கு விஷயம் புரிந்தது. உள்ளே முட்கள் பதித்த ஒரு பித்தளை உருளை. அது சுற்றும்போது முட்கள் ஓர் எஃகுச் சீப்பின் பற்களை மீட்டும். உருளை தறிகெட்டு ஓடாமல் பிடித்து வைப்பது நகக்கண் அளவில் ஒரு காற்றாடி. அந்தக் காற்றாடியின் அச்சுதான் இறுகியிருந்தது. அதை எடுக்க இரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். ராயபுரத்துக் கடல்காற்று இரண்டையும் துருவில் புதைத்திருந்தது. சாவி முறுக்கிய வில்லோ முழு இறுக்கத்தில் இருந்தது. திருகை அரைகுறையாகக் கழற்றிக் காற்றாடி கை நழுவினால் உருளை ஒரே மூச்சில் ஓடும். சீப்பின் பற்கள் மளமளவென்று ஒடியும். அதோடு பாட்டு போச்சு. அந்தச் சீப்புக்கு மாற்று மெட்ராஸில் கிடையாது.

முதல் முறை சௌக்கத் அலியிடம் கைக்கு வந்ததை வாங்கினான். முனை மெழுகுபோல முறுக்கிக்கொண்டது. இரண்டாவது வாங்கியது பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வந்து, முதல் திருகின் தலையில் ஒரு பக்கத்தைச் சிதைத்துவிட்டது. இனி ஒரு தடவைதான் அந்தத் தலை தாங்கும். சிலுவையம்மாள் அருகில் நின்று பார்த்தாள். "கடிகாரக்காரர் யார்கிட்டயாவது குடுத்துப் பார்க்கட்டுமா அத்தை?" என்று கேட்டான்.

"வாணாம். வெளியே போச்சுன்னா ஒரு சக்கரத்தை எடுத்துட்டு வேற போட்டுடுவான். அது வூட்டை வுட்டுப் போவாது. நீங்களே வந்து பண்ணுங்க."

ஆகவே மூன்றாவது முறை.

சௌக்கத் அலி ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து வைத்தார். ஆறு சின்னத் திருப்புளிகள்; நிக்கல் பூச்சு பளபளத்தது.

"நேத்துதான் வந்துது சார். கண்ணாடி மாதிரி கீது பாருங்க. இதுல மொகம் பாத்து மீசை ஒதுக்கிக்கலாம்."

அருள்பிரகாசம் ஒன்றை எடுத்து, லென்ஸ் வைத்து முனையைப் பார்த்தான். பூச்சு முனைவரை வந்து விளிம்பில் உருண்டு நின்றது. சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தான். வாழைத்தண்டில் போவதுபோல அரம் இறங்கியது.

"ஐயோ, சாமானைக் கெடுக்காதீங்க சார்!"

"கெடறதுக்கு இதுல ஒண்ணும் இல்லே பாய். வெறும் பச்சை இரும்பு."

"எம்மாம் பெரிய வார்த்தை சொல்றாரு பாரு!" சௌக்கத் அலி பெட்டியை மூடி, தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அருள்பிரகாசம் டின்களில் இருந்த எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியின் மேல் கொட்டினான். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தான். தண்டு வளைந்திருந்தவை உருளும்போது நொண்டின. அவற்றைத் தள்ளினான். பிறகு முனைகளைப் பார்த்தான். பாதிக்கு மேல் தள்ளினான்.

"இது நல்லாத்தானே கீது. இதை ஏன் தள்ளிட்டே?" ஜஹாங்கீர் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"முனை ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கு. திருப்பினா பள்ளத்துலேருந்து மேல ஏறி வெளியே வந்துடும். நுனியில ரெண்டு பக்கமும் சரியாம நேரா இருக்கணும்."

"ஏறத்துக்கு அது இன்னா தென்னைமரமா? எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு முழத்துக்கு ஒண்ணு கீது. ஒரே திருப்பு."

"அதால எதைத் திருகுவே?"

"கப்பலை!"

சௌக்கத் அலி சிரித்தார். அருள்பிரகாசத்துக்கும் உதடு சற்று அசைந்தது. அதைப் பார்த்ததில் ஜஹாங்கீருக்குத் திருப்தி.

கடைசியில் மூன்று மிஞ்சின. கறுத்த தண்டு, கைவழுக்காமல் பொரி பொரியாகச் செதுக்கிய பிடி, உச்சியில் தனியாகச் சுழலும் ஒரு தொப்பி. அதன்மேல் சுட்டுவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் பிடியைச் சுழற்றலாம். எந்த ஊர்ச் சிப்பாயோ பிடியில் ஏதோ எண்களைக் கீறியிருந்தான். அரத்தை வைத்து இழுத்தபோது அது பிடிக்காமல் வழுக்கி, மெல்லக் கீச்சிட்டது. மூன்றையும் ஒரு பித்தளைத் துண்டில் ஊன்றி அழுத்தித் திருப்பிப் பார்த்தான். ஒன்றின் மூலை பொடிந்தது. அதிகக் கடினம். நல்ல எஃகு வளையக் கூடாது. அதற்காகக் கண்ணாடியாகவும் இருக்கக் கூடாது. இரண்டை எடுத்துக்கொண்டான்.

பிறகு மடித்து வைத்திருந்த காகிதத்திலிருந்து இரண்டு சவர பிளேடுகளை எடுத்தான். திருகின் பள்ளத்தில் ஒரு பிளேடு தளர்வாக நுழைந்தது. இரண்டு சேர்த்தால் நுழையவில்லை. அதுதான் அவனிடம் இருந்த அளவு. இரண்டு முனைகளையும் பிளேடுகளோடு சேர்த்து லென்ஸில் பார்த்தான்.

"பொருந்துதா சார்?"

"இல்லே. தடிமன்."

"அப்பால எதுக்கு வாங்கறீங்க?"

"எஃகு நல்லா இருக்கு. பொருத்தத்தை நான் பண்ணிக்கிறேன். தேய்க்க ஒரு எண்ணெய்க்கல்லும் குடுங்க. கடிகார எண்ணெய் இருந்தா ஒரு சின்ன சீசா."

சௌக்கத் அலி ஜஹாங்கீரைப் பார்த்தார். "உன் தோஸ்து செருப்பு வாங்கினா காலைச் சீவிக்குவாரு போல கீதே."

பெட்டி வீட்டை விட்டு வராது. முனையைத் தேய்த்துத் தேய்த்துத் திருகில் வைத்துப் பார்க்காமல் பொருத்தம் கிடைக்காது. ஆகவே வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை மூன்று சாயங்காலம் அவன் ராயபுரத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

கல்லில் பத்து இழுப்பு. எழுந்து போய்ப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பான். மறுபடி பத்து இழுப்பு. சிலுவையம்மாள் எதிரே வலையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டபடி இருந்தாள். வலைக்காரர்களுக்குப் பின்னிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண் வலையில் இருக்காது. கை தானாக ஓடும்.

"எளச்சிட்டீங்க மாப்ள."

"இல்லே அத்தை."

"இன்னா இல்லே? ஆணியில மாட்டின சட்டை மாரி தொங்குது. அங்கே யாரு பொங்கிப் போடறா?"

"ஓட்டல்."

"ஓட்டலு!" அவள் ஒரு முடிச்சை இறுக்கினாள். எழுந்து உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து அவன் பக்கத்தில் ஒரு தட்டு வந்தது. சுடுசோறும் சங்கரா மீன் குழம்பும். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டான். பத்து மாதத்தில் முதல் தடவையாக உப்பு, புளி தெரிந்தது.

மூன்றாம் நாள் முனை பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்தது. இரண்டு நாளாக ஊறவைத்திருந்த மண்ணெண்ணெய் துருவில் இறங்கியிருந்தது. அருள்பிரகாசம் திருப்புளியை நேராக நிறுத்தினான். சுட்டுவிரலைத் தொப்பியில் அழுத்தினான். மூச்சை விட்டுவிட்டு, மயிரிழை அளவு திருப்பினான்.

'டிக்' என்று ஒரு சத்தம். திருகு விட்டுக்கொடுத்தது. தலை அப்படியே இருந்தது.

"அத்தை, இங்கே வாங்க. இன்னொண்ணு வெளியே வர்றப்போ வில் ஓடப் பார்க்கும். உருளையோட சேர்ந்த இந்தப் பல்சக்கரத்தைப் பிடிச்சுக்கணும். நான் சொல்றப்போ ஒரு பல், ஒரு பல்லா விடணும். எனக்கு ரெண்டு கையும் இங்கே வேணும்."

சிலுவையம்மாள் கையைக் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு வந்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சக்கரத்தில் வைத்தாள். நாற்பது வருஷம் முடிச்சுப் போட்ட விரல்கள். இரண்டாவது திருகும் வந்தது. காற்றாடியை அவன் இடுக்கியால் எடுத்தான். சக்கரம் அசையவில்லை.

"வுடட்டா?"

"ஒண்ணு."

மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவதுபோல ஒரே ஒரு சுரம் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு நீண்ட இடைவெளி விட்டு இரண்டு. வில் முழுக்கத் தளர அரைமணி நேரம் ஆயிற்று. பாட்டு முழுவதும் அப்படிச் சொட்டுச் சொட்டாக அவர்கள் கைவழியே போனது. அந்த வேகத்தில் அது என்ன பாட்டென்றே இருவருக்கும் தெரியவில்லை. சீப்பில் ஒரு பல்லும் ஒடியவில்லை.

மீதி சுலபம். காற்றாடியின் அச்சில் பழுப்பாகப் பிசின் கட்டியிருந்தது. கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அச்சை அதில் போட்டான், தூரிகையால் தேய்த்தான். பிசின் கரைந்து மேலே வந்தபோது ஒரு வாசனை எழுந்தது. தேங்காயெண்ணெய். அதற்குள் வெட்டிவேர்.

ஃப்ளோரன்ஸ் தன் தலைக்கு அதைத்தான் காய்ச்சி வைத்திருப்பாள். தலை வாரும்போது விரலில் மிஞ்சியதைப் பெட்டிக்கும் ஒரு சொட்டு விடுவாள். "அதுக்கும் காயுமில்ல?" என்பாள். அவனே எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பௌதிகம் படித்தவன், அது இறுகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிண்ணத்திலிருந்து அச்சை வெடுக்கென்று எடுத்தான். அதற்குள் அது பளிச்சென்றாகிவிட்டது. முகர்ந்தான். மண்ணெண்ணெய் மட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் பொருத்தினான். குண்டூசி முனையில் கடிகார எண்ணெய் தொட்டு வைத்தான். சாவி கொடுத்து மூடியைத் திறந்தான்.

பெட்டி குதித்துக்கொண்டு பாடியது.

சிலுவையம்மாள் பின்வாங்கினாள். "இன்னா இது? கல்யாணத்துல பேண்டுக்காரன் வாசிக்கிற மாரி கீது!"

உண்மைதான். கலகலவென்று, காலைத் தரையில் தட்டத் தோன்றுகிற ஆட்டப் பாட்டு. முடிந்த கையோடு மறுபடி தொடங்கி ஓடியது.

"இது கோயில் பாட்டு இல்லே அத்தை. வெள்ளைக்காரங்க ஜோடி சேர்ந்து ஆடுற பாட்டு. இதுதான் இதோட சரியான வேகம்."

அவள் மூடியில் இருந்த நீல முக்காட்டுப் பெண்ணைப் பார்த்தாள். "அப்போ இந்தம்மா?"

"யாரோ ஒரு பொண்ணு."

"அடப்பாவி மனுசா! இருவது வருசமா இவளுக்கு மெழுவத்தி ஏத்தினேனே!" செத்துப்போன புருஷனை ஏசினாள். ஏசும்போதே சிரிப்பும் வந்தது. பாட்டு மூன்றாம் சுற்று ஓடியது. சிரிப்பு நின்றது.

"அது கெடக்கட்டும். ஃப்ளோரி பாட்டு எங்கே?"

அருள்பிரகாசம் காற்றாடியைச் சுட்டிக்காட்டினான். "பழைய பிசினோட அவ விட்ட தேங்காயெண்ணெயும் கெட்டியாகி அச்சைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் அவ்வளவு மெதுவா ஓடிச்சு. நான் கழுவிட்டேன். சரியானது இதுதான் அத்தை."

"எது சரின்னு நான் கேக்கல மாப்ள. அவ பாட்டு எங்கேன்னு கேக்கறேன்."

பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டின் முதல் இரண்டு சுரங்களுக்கு ஃப்ளோரன்ஸ் வாயைத் திறக்க மாட்டாள். மூன்றாவதில்தான் முனகிக்கொண்டு சேருவாள், பல்லில் கொண்டை ஊசியைக் கடித்தபடி. அந்த இடத்துக்காக அவன் காதை வைத்துக் காத்திருந்தான். மூன்றாவது சுரம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. இந்த வேகத்தில் அவள் சேர முடியாது.

மூடியைச் சாத்தினான்.

"ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் வுட்டுப் பாருங்களேன்."

"மறுபடி இறுகி நின்னுடும்." காற்றாடியை லென்ஸில் பார்த்தான். அதற்கு இரண்டு இதழ்கள். தண்டோடு இதழ்களைப் பிடித்திருந்தது ஒரு திருகு. தூசி என்று நினைத்து ஊதிவிடலாம், அவ்வளவு சிறிசு. "இதழை விரிச்சா காத்து அதிகமாத் தடுக்கும். மெதுவாகும். ஆனா எவ்வளவு மெதுவா?"

அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தான். மூன்று வருஷம் தினமும் கேட்ட பாட்டு. எத்தனை வினாடி ஓடும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இழுத்து ஓடியது என்பது ஞாபகம் இருந்தது. எவ்வளவு இழுத்தது என்பது இல்லை.

"பதினாலு முடிச்சு" என்றாள் சிலுவையம்மாள்.

"என்னது?"

"ஒரு சுத்து பாட்டு முடியறதுக்குள்ள பதினாலு முடிச்சு போடுவேன். எண்ணிதானே போடணும், இல்லாட்டி வலை கோணிக்கும். தினம் பதினாலு. ஒரு நாளும் மாறாது." வலையை இழுத்து மடியில் போட்டு, வலை ஊசியைக் கையில் எடுத்தாள். "வுடுங்க."

இரண்டாவது திருப்புளியின் முனையைக் கல்லில் தேய்த்துத் தூசித் திருகுக்குப் பொருத்த இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். சாவி கொடுத்துத் திறந்தான். அவள் விரல்கள் ஓடின.

"எட்டு."

திருகைத் தளர்த்தி இதழைத் தள்ளினான்.

"பத்து."

இன்னும் தள்ளினான்.

"பதினேழு. இது சாவு வூட்டுப் பாட்டு மாரி கீது, வாணாம்."

இந்தப் பக்கம் கொஞ்சம். "பதினஞ்சு. கிட்ட வந்துடுச்சு." மயிரிழை. விரலுக்கே தெரியாத ஒரு திருப்பு. முனை பள்ளத்தை விட்டு ஒரு தரமும் வழுக்கவில்லை.

பெட்டியைத் திறந்தான். வாசலில் வெளிச்சம் தணிந்திருந்தது. சந்தில் யாரோ கூடையை இறக்கிக்கொண்டு விலை சொன்னார்கள். சிலுவையம்மாள் வாய்க்குள் எண்ணினாள். பாட்டு ஒரு சுற்று முடிந்தது.

"பதினாலு" என்றாள்.

அருள்பிரகாசம் திருப்புளியைக் கீழே வைத்தான். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு சுரம். நிதானமாக இன்னொன்று. பிறகு, மூன்றாவதற்கு முன்னால், ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இடம் இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதிரே சிலுவையம்மாள் எண்ணுவதை விட்டிருந்தாள். கை மட்டும் ஓடியது. வலை கோணிக்கொண்டு போனது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

வில் தீர்ந்து, பாட்டு பாதியில் நின்றது.

"சாவியை இப்படிக் குடுங்க" என்றாள் சிலுவையம்மாள்.